ஆண்டுக்கொருமுறை நிறையும் ஊர்

அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள கான்சஸ் மாநிலத்தின் வடமேற்கே, கிரஹாம் கவுன்ட்டியில், 24-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி நிக்கோடீமஸ் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஊரில் நிலையாக வசிப்போர் இருபது பேருக்கும் குறைவு. கடைத்தெரு இல்லை, அஞ்சலகம் இல்லை, பள்ளிக் கட்டடம் உண்டு, பயிலும் பிள்ளைகள் இல்லை. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாத இறுதியில் நூற்றுக்கணக்கானோர் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக இவ்வூருக்கு வந்து சேர்கின்றனர். அவர்களுள் பலர் இங்கே பிறந்தவர் அல்லர். அவர்தம் பாட்டனாரோ முப்பாட்டனாரோ இம்மண்ணில் மண்வெட்டி பிடித்தவர்கள். அந்த உறவு ஒன்றே அவர்களை இழுத்து வருகிறது.

பாட்டன் பூட்டன் வாழ்ந்த ஊருக்கு ஆண்டுக்கொருமுறையேனும் சென்று வருதல் கடமை என்று கருதும் குடும்பங்களுக்கு, இவ்வூரின் வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

நிலமும் நீரும்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 அடி உயரத்தில் பரந்து கிடக்கும் புல்வெளிச் சமவெளி இது. மரம் என்று சொல்லத்தக்கவை ஆற்றோரத்தில் மட்டுமே இயல்பாக வளர்ந்தவை. மற்றெங்கும் அடிவானம் வரை புல்லும் கோதுமையுமே. அமெரிக்க நிலவியலில் மேற்கு 100-ஆம் தீர்க்கரேகை ஒரு முக்கியமான எல்லைக்கோடாகக் கருதப்படுகிறது. அதற்குக் கிழக்கே மழையை நம்பி உழவு செய்யலாம். மேற்கே செல்லச் செல்ல வானம் கைவிடும். நிக்கோடீமஸ் அக்கோட்டுக்குச் சற்றே கிழக்கில், விளிம்பில் அமைந்துள்ளது. ஆண்டு மழை சராசரியாக 20 அங்குலத்தைச் சிறிதளவே தாண்டும். சில ஆண்டுகளில் அதுவும் பொய்த்துவிடும். கோடையில் அனற்காற்றும், குளிர்காலத்தில் தடுப்பாரின்றி வீசும் பனிக்காற்றும் இங்கு இயல்பு.

ஊருக்குத் தெற்கே சாலமன் ஆற்றின் தென்கிளை கிழக்கு நோக்கி ஓடுகிறது. அது ஸ்டாக்டன் நகருக்கு அருகிலுள்ள வெப்ஸ்டர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, பின்னர் வக்கோண்டா ஏரியில் வடகிளையுடன் கலக்கிறது. அந்த ஏரி உள்ள இடத்தில் முன்னாளில் கனிமநீர் ஊற்று ஒன்று இருந்தது. பெருந்தெய்வம் உறையும் ஊற்று என்று சமவெளிப் பழங்குடியினர் அதனை வழிபட்டனர். பல இனத்தார் வந்து காணிக்கை இட்டுச் சென்றனர். 1960-களில் கட்டப்பட்ட கிளென் எல்டர் அணையின் நீருக்குள் அந்த ஊற்று மூழ்கிப்போயிற்று.

இப்புல்வெளியில் பாணி முதலிய பழங்குடியினர் நெடுங்காலம் காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்தனர். 1870-களில் வெள்ளையரின் துப்பாக்கிகள் எருமை மந்தைகளை ஏறத்தாழ முற்றிலுமாக அழித்துவிட்டன. பழங்குடியினரும் ஒவ்வோர் இனமாக வெளியேற்றப்பட்டனர். நிக்கோடீமஸில் குடியேறியவர்கள் வந்தபோது, எருமைகளின் எலும்புகளே வெளியெங்கும் சிதறிக் கிடந்தன. அவ்வெலும்புகளைப் பொறுக்கி விற்பதும் அவர்களுக்குத் தொடக்கத்தில் ஒரு வருவாயாயிற்று.

கென்டக்கியிலிருந்து ஒரு பயணம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் காக்கும் பொருட்டுத் தென்மாநிலங்களில் நிறுத்தப்பட்டிருந்த மத்திய அரசின் படைகள் 1877-இல் விலக்கிக்கொள்ளப்பட்டன. அதன்பின் அம்மக்களின் உயிருக்கும் உரிமைக்கும் தென்பகுதியில் பாதுகாப்பில்லாமற் போயிற்று. உழுத நிலம் தமதன்று. உழைப்பின் பயனும் தமதன்று என்ற நிலையில், சொந்த நிலம் ஒன்றே விடுதலையை உண்மையாக்கும் என்று பலர் உணர்ந்தனர்.

1862-ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம் அதற்கொரு வழி காட்டிற்று. சிறு கட்டணம் செலுத்தி, 160 ஏக்கர் அரசு நிலத்தில் ஐந்தாண்டுகள் தங்கிப் பயிர் செய்தால் அந்நிலம் சொந்தமாகும் என்றது அச்சட்டம். கான்சஸோ 1861-இல் அடிமை முறையற்ற மாநிலமாகவே ஒன்றியத்தில் சேர்ந்தது. எனவே கறுப்பின மக்கள் நெஞ்சில் அப்பெயருக்குத் தனி மதிப்பு இருந்தது.

1877 ஏப்ரலில் நிக்கோடீமஸ் நகர நிறுவனம் தொடங்கப்பட்டது. டபிள்யூ. ஆர். ஹில் என்னும் வெள்ளையர் ஒருவர் நீங்கலாக, அதனை அமைத்த ஏனையோர் கறுப்பினத்தவர். டபிள்யூ. எச். ஸ்மித் அதன் தலைவர். ஹில் கென்டக்கி மாநிலத்துக்குச் சென்று, கறுப்பின மக்கள் கூடும் தேவாலயங்களில் புதிய ஊரைப் பற்றி விரிவாகப் பேசினார். வளமான மண், இனிய தட்பவெப்பம், வேட்டைக்கு விலங்குகள், சொந்த நிலம் என்று அவர் சொன்னவை அம்மக்களைக் கவர்ந்தன.

ஊரின் பெயருக்கு இரு விளக்கங்கள் கூறப்படுகின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கியதாகக் கதைகளில் வரும் நிக்கோடீமஸ் என்னும் அடிமையின் பெயர் அது என்பர் சிலர். ஹென்றி கிளே வொர்க் 1864-இல் வெளியிட்ட பாடல் ஒன்று அப்பெயரை நாடெங்கும் பரப்பியிருந்தது. விவிலியத்தில் இரவு வேளையில் இயேசுவை நாடிச் சென்று, மறுபடியும் பிறத்தல் எவ்வாறு என்று வினவிய நிக்கோடீமஸின் பெயரே அது என்பர் வேறு சிலர். அடிமைகளாய்ப் பிறந்து புதுவாழ்வு தேடி வந்தவர்களுக்கு இரண்டும் பொருந்தும்.

மண்ணுக்குள்ளிருந்து எழுந்த புகை

1877 செப்டம்பரில் கென்டக்கியின் ஜார்ஜ்டவுன், லெக்சிங்டன் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 300 பேர் ரயிலேறி எல்லிஸ் என்னும் நிலையத்தில் இறங்கினர். அங்கிருந்து நிக்கோடீமஸ் சுமார் 35 மைல். பாதையற்ற புல்வெளியில் நடந்தே வந்து சேர்ந்தவர்கள் கண்டது ஊரை அன்று, வெட்டவெளியை. முன்னதாக ஜூலையில் வந்திருந்த சில குடும்பத்தார், மேட்டுச் சரிவுகளில் குழி தோண்டி, மேலே கிளைகளும் புல்மண்ணும் பரப்பி, அதனுள் வாழ்ந்துகொண்டிருந்தனர். வீடு கட்ட மரமில்லை, அடுப்பெரிக்க விறகுமில்லை. உலர்ந்த சூரியகாந்தித் தண்டும் எருமைச் சாணமுமே எரிபொருள். ஏமாற்றம் தாளாமல் சுமார் 60 குடும்பங்கள் உடனே திரும்பிச் சென்றன. ஹில்லின் மேல் மூண்ட சினம் எளிதில் தணியவில்லை.

எஞ்சியவர்கள் அந்தக் குளிர்காலத்தை எதிர்கொண்டனர். விதைக்கும் பருவம் கடந்துவிட்டது, கையிருப்புக் கரைந்துவிட்டது. அந்நேரத்தில் வேட்டையாடித் திரும்பிய ஒசேஜ் பழங்குடியினர் தம் இறைச்சியில் பங்கு கொடுத்துக் காத்தனர் என்று ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். தம் நிலத்தை இழந்துகொண்டிருந்தவர்கள், நிலம் தேடி வந்தவர்களுக்கு உணவளித்தனர்.

1878 வசந்தகாலத்தில் போதகர் டேனியல் ஹிக்மன் தம் சபையாருடன் வந்தார். எல்லிஸ் நகரில் தங்கியிருந்தபோது தட்டம்மை பரவிக் குழந்தைகள் சிலர் இறந்தனர். அவர்களை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, திசைகாட்டியைத் துணைகொண்டு இரண்டு நாள் பயணம் செய்து வந்தனர். போதகரின் மனைவி வில்லியானா ஹிக்மன் அந்நாளைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். உடன் வந்த ஆடவர் ஊர் வந்துவிட்டது என்று ஆரவாரித்தபோது, அவர் எங்கே என்று தேடினார். அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மண்ணுக்குள்ளிருந்து அங்கங்கே எழுந்த புகைதான். அதுவே ஊர் என்று அறிந்ததும் அவர் அழத் தொடங்கிவிட்டார். ஆனால் அவர் திரும்பிச் செல்லவில்லை.

அந்த முதல் ஆண்டுகளில் ஊர் முழுவதற்கும் இருந்த குதிரைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பல நூற்றாண்டுகளாகப் புல்வேர் பின்னிக் கிடந்த மண்ணை மண்வெட்டியாலும் களைக்கொட்டாலும் கொத்திப் பயிரிட்டனர். ஆடவர் பலர் ரயில் பாதை வேலைக்கும் கூலி வேலைக்கும் தொலைதூரம் சென்றனர். பெண்கள் நிலத்தையும் குழந்தைகளையும் காத்தனர். சகரி ஃப்ளெட்சர் கடை வைத்தார். அவரே முதல் அஞ்சல் அலுவலர். அவர் மனைவி ஜென்னி தம் மண்குழி வீட்டிலேயே பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். எழுதப் படிக்கக் கற்பதே முன்பு பல தென்மாநிலங்களில் அடிமைகளுக்குத் தடை செய்யப்பட்டிருந்தது என்பதை நினைத்தால், அந்த மண்குழிப் பள்ளியின் மேன்மை விளங்கும்.

பதினாறாயிரம் டாலர்

உழைப்பு வீண்போகவில்லை. 1880-களின் நடுவில் மழையும் ஒத்துழைக்க, ஊர் தழைத்தது. மண்குழிகள் மறைந்து புல்மண் வீடுகளும், பின்னர் சுண்ணாம்புக்கல், மரக் கட்டடங்களும் எழுந்தன. வங்கி ஒன்று, தங்கும் விடுதிகள், கடைகள், 'வெஸ்டர்ன் சைக்ளோன்', 'நிக்கோடீமஸ் எண்டர்பிரைஸ்' என இரண்டு செய்தித்தாள்கள், பேஸ்பால் அணி, இசைக்குழு என்று எல்லாம் அமைந்தன. 1878-இல் இங்கு வந்த எட்வர்டு மெக்கேப், 1882-இல் கான்சஸ் மாநிலத் தணிக்கை அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாநில அளவிலான அத்தகைய பதவிக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் வாக்குகளால் வருவது அக்காலத்தில் அரிது.

அடுத்த தேவை ரயில். அந்நாளில் சமவெளியில் ஓர் ஊர் வாழ்வதும் வீழ்வதும் ரயில் நிலையத்தைப் பொறுத்தது. நிலையம் இருந்தால் கோதுமையை விற்கலாம். மரமும் நிலக்கரியும் வாங்கலாம். இல்லையேல் விளைச்சலின் விலையை வண்டிக்கூலியே விழுங்கிவிடும். இதனை அறிந்த ரயில் நிறுவனங்கள், எங்கள் பாதை வேண்டுமானால் உங்கள் ஊர் என்ன தரும் என்று கேட்டன. ஊரார் கடன் பத்திரம் வெளியிட ஒப்புதல் தர வேண்டும். அதன் அசலும் வட்டியும் ஊராரின் வரியிலிருந்து பல ஆண்டுகள் செலுத்தப்படும். வரவு வருமுன்னரே பொறுப்பேற்கும் ஏற்பாடு அது.

1887-இல் நிக்கோடீமஸ் மக்கள் மிசௌரி பசிபிக் ரயில் நிறுவனத்துக்காக 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்களித்தனர். பத்தாண்டுகளுக்கு முன் மண்குழியில் வாழ்ந்தவர்கள், தம் நிலத்தை நம்பி அத்தொகைக்குக் கையொப்பமிட முன்வந்தனர் என்பது அவர்கள் எவ்வளவு உயர்ந்திருந்தனர் என்பதற்கும், எவ்வளவு நம்பியிருந்தனர் என்பதற்கும் சான்று. நிலஅளவையாளர் வந்தனர், பாதை வரும் என்ற பேச்சு ஊரெங்கும் நிறைந்தது.

பாதை வரவில்லை. 1888-இல் மிசௌரி பசிபிக் பின்வாங்கிற்று. யூனியன் பசிபிக் தன் பாதையை ஆற்றுக்குத் தெற்கே, சில மைல் தொலைவில் போட்டது. அங்கே போக் என்னும் புதிய ஊர் முளைத்தது. நிக்கோடீமஸின் வணிகர்கள் ஒருவர்பின் ஒருவராக ஆற்றைக் கடந்து போக் நகருக்கு இடம்பெயர்ந்தனர். செய்தித்தாள்கள் நின்றன. மெக்கேப் ஓக்லஹோமாவுக்குச் சென்று லாங்ஸ்டன் என்னும் ஊரை நிறுவ முன்னின்றார். இக்காலத்தில் இப்பகுதியில் எழுந்த எத்தனையோ ஊர்கள் ரயில் தவறியதும் வரைபடத்திலிருந்தே நீங்கின. நிக்கோடீமஸும் நீங்கும் என்றே எவரும் எண்ணியிருப்பர்.

ஒரே இடத்தில் எழுந்த ஆலயங்கள்

வணிகர் சென்றனர், உழவர் தங்கினர். அவர்களைத் தாங்கி நின்றவை இரண்டு: நிலமும் தேவாலயமும்.

முதல் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் கதை ஊரின் கதையே. சபையார் முதலில் கூடியது நிலத்தைக் குடைந்த மண்ணறையில். பின் அதே இடத்தில் புல்மண் கட்டிகளால் சுவர் எழுப்பினர். 1880-இல் ஒற்றை அறையாகச் சுண்ணாம்புக்கல் ஆலயம் கட்டினர். 1907-இல் பெரிய ஆலயம் எழுந்தது. ரயில் தவறிப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து எழுந்தது அது. இடத்தை மாற்றவில்லை. வசதி வளர வளர அதே தலத்தில் புதிய ஆலயத்தை எழுப்பினரேயன்றி, வசதியான வேறிடம் தேடவில்லை. 1975-இல் புதிய கட்டடம் அமைந்த பின்னும் பழைய ஆலயம் காக்கப்பட்டு வருகிறது. 1885-இல் சுண்ணாம்புக்கல்லால் கட்டப்பட்ட ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் தேவாலயமும் இவ்வூரின் பழம்பெரும் கட்டடங்களுள் ஒன்று.

இருபதாம் நூற்றாண்டு மேலும் சோதித்தது. 1930-களில் பொருளாதார மந்தமும், மழையின்றி மேல்மண் புழுதிப் புயலாய்ப் பறந்த வறட்சியும் சேர்ந்து வந்தன. இளைஞர்கள் டென்வர், டொப்பீக்கா, கலிஃபோர்னியா என்று பிழைப்பு தேடிப் போயினர். அதற்கிடையிலும் 1939-இல், வேலையற்றோருக்கு வேலையளித்த அரசுத் திட்டத்தின்கீழ், சுண்ணாம்புக்கல்லால் ஊர் மன்றம் ஒன்று கட்டப்பட்டது. 1950-இல் ஊரில் இருந்தவர் 16 பேர் என்பர். 1953-இல் அஞ்சலகமும் மூடப்பட்டது.

ஆகஸ்ட் முதல் நாள்

இத்தனைக்கும் நடுவே ஒன்று மட்டும் தொடர்ந்தது. குடியேறிய மறு ஆண்டான 1878 முதலே ஊரார் ஆகஸ்ட் முதல் நாளை விடுதலைத் திருநாளாகக் கொண்டாடி வந்தனர். பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1834-இல் நடைமுறைக்கு வந்த நாள் அது. அமெரிக்காவில் தமக்கு விடுதலை கிடைப்பதற்கு முன்பிருந்தே அங்குள்ள கறுப்பின மக்கள் அந்நாளைப் போற்றி வந்தனர். விடுதலைக்குப் பின் அத்தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோதுதான் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் தமிழரும் உண்டு என்பதையும் இங்கே நினைக்கலாம்.

கோதுமை அறுவடை முடிந்து களம் ஓய்ந்திருக்கும் பருவம் அது. முன்னாளில் ஸ்க்ரக்ஸ் தோப்பில் கூடுவார்கள். விருந்து, பேஸ்பால் ஆட்டம், குத்துச்சண்டை, இசை, நடனம் என்று நாள்கள் கழியும். ஊரைவிட்டுச் சென்றவர்கள் பெருகப் பெருக, விழாவின் இயல்பும் மெல்ல மாறியது. விடுதலையைக் கொண்டாடும் நாள், வெளியூரில் வாழும் பிள்ளைகள் தாய்மண்ணுக்குத் திரும்பும் நாளாகவும் ஆயிற்று. 'ஹோம்கமிங்', அதாவது வீடு திரும்புதல், என்பதே இன்று அதன் பெயர். ஜூலை இறுதி வாரத்து விடுமுறை நாள்களில் அது நடைபெறுகிறது.

வந்தவர்கள் ஊர்வலம் செல்கின்றனர். சேர்ந்து சமைத்து உண்கின்றனர். முன்னோரின் கல்லறைகளைக் காண்கின்றனர். நகரத்தில் பிறந்த குழந்தைக்கு, இதுதான் உன் முப்பாட்டியின் நிலம் என்று காட்டப்படுகிறது. யார் யாருக்கு என்ன உறவு என்பது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

இவ்வாறு திரும்பி வந்தவர்களின் முயற்சியால்தான் ஊருக்கு அரசின் அங்கீகாரமும் கிட்டியது. 1976-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியும், 1996-இல் தேசிய வரலாற்றுத் தலம் என்ற தகுதியும் நிக்கோடீமஸுக்கு வழங்கப்பட்டன. இரு தேவாலயங்கள், ஃப்ளெட்சர் நடத்திய விடுதி, 1918-இல் கட்டிய பள்ளி, ஊர் மன்றம் ஆகிய ஐந்து கட்டடங்கள் அதன் உறுப்புகள். ஊர் மன்றத்தில் பார்வையாளர்களுக்கு வரலாறு எடுத்துரைக்கப்படுகிறது.

இவ்வூரில் 1932-இல் பிறந்த வெரில் ஸ்விட்சர், அமெரிக்கக் கால்பந்தில் புகழ்பெற்று, 1954-இல் கிரீன் பே பேக்கர்ஸ் என்னும் முன்னணி அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நாடறிந்த பின்னும் நிக்கோடீமஸில் தம் குடும்ப நிலத்தை விடாமல் உழுது வந்தார். 2022-இல் அவர் மறைந்தார். நிலத்தைக் காப்பது எளிதன்று என்பதை அவரைப் போன்றோரின் வாழ்க்கை உணர்த்துகிறது. பண்ணைகள் பெருத்துக் குடும்பங்கள் குறையும் இக்காலத்தில், முன்னோர் மண்வெட்டியால் பெற்ற 160 ஏக்கரை அடுத்த தலைமுறை வைத்திருக்குமா என்பதே இவ்வூரின் இன்றைய கவலை.

ரயில் சென்ற போக் நகரில் இன்று வசிப்பவர்களும் இருநூறுக்குக் குறைவே. 1888-இல் எல்லாரும் எண்ணியபடி ரயில் ஓர் ஊரை வாழ வைத்துவிடவில்லை. ரயில் இல்லாமை மற்றோர் ஊரை அழித்துவிடவுமில்லை. பதினாறாயிரம் டாலர் கொடுத்தும் கிடைத்திராத ஒன்றை, விலையேதுமின்றி வந்து செல்லும் பிள்ளைகள் தந்திருக்கின்றனர்.

விழாவின் ஞாயிறன்று அனைவரும் வழிபாட்டில் கூடுகின்றனர். பின் வண்டிகள் ஒவ்வொன்றாக நெடுஞ்சாலை ஏறுகின்றன. ஊரில் மறுபடியும் அந்தச் சிலர் மட்டுமே எஞ்சுகின்றனர். அடுத்த ஆண்டு கோதுமை அறுவடை முடிந்ததும் வண்டிகள் திரும்ப வரும்.